ஸ்டீயரிங் பொத்தான்களை இழக்காமல் காரில் புதிய ஸ்டீரியோ பொருத்துவது எப்படி? மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

காருடன் வந்த பழைய ஸ்டீரியோவை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடுதிரை யூனிட் பொருத்திக்கொள்பவர்களில் பலர், ஸ்டீயரிங் சக்கரத்தில் இருக்கும் ஒலிப் பொத்தான்கள் அதன்பின் வேலை செய்யாமல் போவதைச் சிறிய இழப்பாகக் கருதி ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சமவெளியில் அது சிறியதாக இருக்கலாம். பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகளிலும் அது சிறியது அல்ல. வளைவுக்கு முன்னால் நாம் ஹாரன் அடிப்பது எவ்வளவு அவசியமோ, எதிரில் வருபவரின் ஹாரன் நம் காதில் விழுவதும் அவ்வளவு அவசியம். மூடுபனி இறங்கிய வேளையில் கண்ணுக்கு முன் காதுதான் எச்சரிக்கை தருகிறது. ஒலியைக் குறைப்பதற்காகக் கை திரையைத் தேடிப் போனால் கண்ணும் அதன் பின்னாலேயே போகும். ஆகவே, கட்டைவிரலின் ஓர் அழுத்தத்தில் பாட்டு அடங்கும் வசதியை எந்தப் புதிய யூனிட்டுக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

வயரை வெட்டுவதற்கு முன் அளந்து பார்க்கும் பொறுமை இருந்தால், முதன்முறையாகச் செய்பவரும் இந்த வேலையை ஒழுங்காக முடிக்கலாம்.

பொத்தான் எப்படி வேலை செய்கிறது

ஸ்டீயரிங் பொத்தான்கள் ஸ்டீரியோவுக்குச் செய்தி அனுப்பும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது மின்தடை முறை. இதில் எல்லாப் பொத்தான்களுக்கும் ஒன்று அல்லது இரண்டு வயர்களும் மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒரு கிரவுண்ட் வயரும் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பொத்தானின் பின்னும் வெவ்வேறு அளவுள்ள மின்தடை வைக்கப்பட்டிருக்கும். ஸ்டீரியோ அந்த வயரில் சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்துக் காத்திருக்கும்; பொத்தானை அழுத்தும்போது மின்னழுத்தம் எந்த அளவுக்கு இறங்குகிறது என்பதை வைத்து, அழுத்தப்பட்டது ஒலியைக் கூட்டும் பொத்தானா, அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானா என்று கண்டுகொள்ளும்.

இரண்டாவது கேன் பஸ் முறை. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில், காரின் பல மின்னணுப் பகுதிகள் முறுக்கிய இரண்டு வயர்களின் வழியே எண்களாகச் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பொத்தான் அழுத்தப்பட்டது என்பதும் அப்படி ஒரு செய்தியாகத்தான் வரும். இத்தகைய கார்களில், அந்தக் கார் மாடலுக்கென்றே தயாரிக்கப்பட்ட கேன் பாக்ஸ் என்னும் சிறு பெட்டி இல்லாமல் புதிய யூனிட் அதைப் புரிந்துகொள்ளாது.

சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரத்திலிருந்து வயர் அறுந்துபோகாமல் வெளியே வருவதற்குக் காரணம், ஸ்டீயரிங்கின் உள்ளே சுருள் பட்டையாக இருக்கும் கிளாக் ஸ்பிரிங். ஓட்டுநரின் ஏர்பேக்குக்கான இணைப்பும் அதே சுருளின் வழியாகத்தான் செல்கிறது. எனவே ஸ்டீயரிங் சக்கரத்தையோ அதன் நடுமூடியையோ இந்த வேலைக்காகத் திறக்கவே கூடாது. திறக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் நமக்கு வேண்டிய வயர்கள் பழைய ஸ்டீரியோவின் பின்னால் செருகியிருக்கும் கப்ளர் என்னும் வயர் இணைப்பானுக்கே வந்து சேர்ந்திருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

யூனிட்டின் அளவை முதலில் பாருங்கள். சிங்கிள் டின் என்பது சுமார் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உடையது; டபுள் டின் என்பது அதே அகலத்தில் 100 மில்லிமீட்டர் உயரம். ஒன்பது, பத்து அங்குலத் திரைகளுக்கு அந்தந்தக் கார் மாடலுக்கான சட்டம் தனியாக வாங்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு யூனிட்களில் பெரும்பாலும் கீ 1, கீ 2 என்று பெயர் ஒட்டிய வயர்கள் இருக்கும். மின்தடை முறைப் பொத்தான்களை அவற்றில் நேரடியாக இணைத்துவிடலாம். பயனியர் போன்ற நிறுவனங்களின் யூனிட்களில் வயர் ரிமோட்டுக்கென்று 3.5 மில்லிமீட்டர் துளையும், கென்வுட், ஜேவிசி யூனிட்களில் நீலத்தில் மஞ்சள் கோடிட்ட வயரும் இருப்பதுண்டு. இவற்றுக்குப் பொத்தானின் செய்தியை மாற்றித் தரும் அடாப்டர் தனியாகத் தேவைப்படும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "ஸ்டீயரிங் கன்ட்ரோல் வேலை செய்யுமா?" என்பது அல்ல. அதற்கு எல்லாரும் "செய்யும்" என்றுதான் பதில் சொல்வார்கள். "என் கார் இந்த மாடல், இந்த வருடம், இதன் பொத்தான்களுக்கு எந்த வயர், எந்த அடாப்டர், அது இந்த விலையில் சேர்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். கோவைக்கு இறங்கி வாங்கி வந்தபின் ஒரு சிறு அடாப்டருக்காக மீண்டும் மலையிறங்குவது வீண் அலைச்சல்.

இன்னொன்றையும் விடாமல் வாங்குங்கள்: வயரை வெட்டாமல் காரின் கப்ளரில் அப்படியே செருகக்கூடிய 'பிளக் அண்ட் பிளே' கப்ளர். காரின் வயரிங்கை வெட்டினால் உத்தரவாதத்துக்குச் சிக்கல் வரக்கூடும் என்பது ஒரு காரணம். நீலகிரியின் ஈரம் மற்றொரு காரணம். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு, பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் மாறி மாறி ஆட்பட்டுப் பசை விட்டுப்போகும். பிறகு அதற்குள் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூக்கும். மின்தடை முறைப் பொத்தான்களுக்கு இது நேரடியான கேடு, ஏனென்றால் இணைப்பில் கூடும் தடையும் பொத்தானின் தடையோடு சேர்ந்துகொண்டு, ஒலியைக் குறைக்க அழுத்தினால் அலைவரிசை மாறும் நிலை வந்துவிடும். எங்கேனும் இணைத்தே தீர வேண்டும் என்றால், பற்றவைத்தோ, சிறு உலோகக் குழலில் வைத்து நெரித்துக் கிரிம்ப் செய்தோ, சூடு பட்டால் சுருங்கும் குழாயை மேலே போடுங்கள்.

இடமும் வேளையும்

நம் ஊர்களில் சமதளமான நிறுத்துமிடம் கிடைப்பது அரிது. கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். விடிகாலைக் குளிரில் டேஷ்போர்டின் பிளாஸ்டிக் கிளிப்புகள் விறைத்திருக்கும். அப்போது இழுத்தால் வளையாமல் ஒடியும். வெயில் ஏறி, காரின் உட்புறம் இளஞ்சூடான பிறகு அதே கிளிப்புகள் எளிதாக விட்டுக்கொடுக்கும்.

பழைய ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது தானாகத் திரும்பித் தொட்டுவிடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஏர்பேக் அமைப்பில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்குக் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். மஞ்சள் நிற உறை அல்லது மஞ்சள் நிறக் கப்ளர் கொண்ட வயர்கள் பொதுவாக ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடவும் வேண்டாம், மின்தடையும் மின்னழுத்தமும் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து அளக்கவும் வேண்டாம்.

கழற்றுதல்

பேனலைப் பிரிக்க ஸ்குரூ டிரைவரைப் பயன்படுத்தினால் கீறல் விழும். பிளாஸ்டிக் நெம்பிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பி, கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபட்ட பின், பேனலைச் சட்டென்று இழுக்காமல் பின்னால் கையை விட்டு அபாய விளக்குச் சுவிட்ச் முதலியவற்றின் கப்ளர்களை அழுத்திக் கழற்றுங்கள். ஸ்டீரியோவைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்து யூனிட்டை முன்னால் இழுத்ததும், வயர்களைப் பிரிப்பதற்கு முன் கைபேசியில் நாலா பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அளத்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்; இதில் செலவிடும் நேரம் எதுவும் வீண் போகாது.

வயரின் நிறத்தை நம்பி இணைக்கக் கூடாது. புதிய யூனிட்டின் வயர்களில் மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவியைத் திருப்பினால் வரும் 12 வோல்ட், கருப்பு கிரவுண்ட் என்பது பரவலான வழக்கம். காரின் பக்கத்திலோ ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு நிற ஒழுங்கை வைத்திருக்கிறது.

பேட்டரி கழன்றிருக்கும் நிலையிலேயே மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு) வரம்பில் வையுங்கள். ஒரு முனையைக் காரின் கிரவுண்டில், அதாவது அதன் வெறும் உலோக உடற்பகுதியில், வைத்து, மறு முனையைக் கப்ளரின் சந்தேகத்துக்குரிய வயரில் வைத்தபடி, உடன் இருப்பவரை ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அது பொத்தானின் வயராக இருந்தால் மீட்டரில் எண் மாறும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாப் பொத்தான்களையும் இப்படி அழுத்திப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வரும் ஓம் அளவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒலிப் பொத்தான்களுக்கு ஒரு வயரும் தொலைபேசிப் பொத்தான்களுக்கு இன்னொரு வயரும் இருக்கலாம். சில கார்களில் பொத்தான்களுக்கென்றே தனிக் கிரவுண்ட் வயர் வரும்; உடற்பகுதிக் கிரவுண்டில் வைத்து எந்த வயரும் அசையவில்லை என்றால், கப்ளரின் மற்ற வயர்களை இணை இணையாக வைத்து அளந்து பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

எந்தப் பொத்தானுக்கும் எந்த வயரும் அசையாமல், முறுக்கிய இரண்டு வயர்களுக்கு இடையே சுமார் 60 ஓம் காட்டினால், அது அதிவேகக் கேன் பஸ். இருமுனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இரண்டும் இணையாகச் சேர்வதால் அந்த அளவு வருகிறது. அந்த வயர்களில் கீ 1, கீ 2 வயர்களை ஒருபோதும் இணைக்கக் கூடாது, ஏனெனில் அங்கே ஏற்படும் தவறு ஸ்டீரியோவோடு நிற்காமல் காரின் மற்றப் பகுதிகளையும் பாதிக்கும். உங்கள் மாடலுக்கான கேன் பாக்ஸை வாங்குங்கள்.

அடுத்து மின்னழுத்தம். பேனலில் ஏர்பேக் தொடர்பான விளக்கு இருந்தால் அதன் கப்ளரை மாட்டிவிட்டு, பேட்டரியை மீண்டும் இணைத்து, மீட்டரை 20 வோல்ட் நேர்மின்னோட்ட (டிசி) வரம்புக்கு மாற்றுங்கள். சாவி இல்லாமலேயே 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும் வயர் நிரந்தர மின்சாரம். எஞ்சின் ஓடாமலேயே ஸ்டீரியோ இயங்கும் ஏசிசி நிலைக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டுவது சிவப்பு வயருக்கு உரியது. இவ்விரண்டும் இடம் மாறினால் யூனிட் தன் அமைப்புகளை ஒவ்வொரு முறையும் மறக்கும். இரண்டையும் நிரந்தர மின்சாரத்திலேயே சேர்த்துவிட்டால் பேட்டரி இரவெல்லாம் வடிந்து, உதகையின் ஜனவரிக் காலையில் வண்டி கிளம்பாது.

ஒலிபெருக்கி வயர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பேட்டரியை மறுபடியும் கழற்றிய பின், 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஓர் இணையில் கணநேரம் தொட்டால், அந்த ஒலிபெருக்கியில் 'டப்' என்ற ஓசை கேட்கும். செல்லின் பாசிட்டிவ் முனை ஒலிபெருக்கியின் பாசிட்டிவில் படும்போது அதன் கூம்பு வெளிநோக்கி நகரும். காரில் தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

இணைத்தல்

நெகட்டிவ் முனை கழன்றே இருக்கட்டும். கிரவுண்ட் வயரை முதலிலும், பிறகு ஒலிபெருக்கி, பொத்தான், மின்சார வயர்கள் என்ற வரிசையிலும் இணையுங்கள். ஒலிபெருக்கியின் நெகட்டிவ் வயரைக் காரின் கிரவுண்டில் சேர்க்கக் கூடாது. இக்கால யூனிட்களில் இரு முனைகளும் இயக்கப்படுவதால், அப்படிச் சேர்த்தால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் சுற்று கெட்டுவிடும். பொத்தான்களுக்குத் தனிக் கிரவுண்ட் இருந்தால் அதையும் யூனிட்டின் கருப்பு வயரோடு சேருங்கள். பொத்தான்கள் தாறுமாறாக வேலை செய்வதற்கு இந்த ஒரு வயர் விடுபட்டிருப்பதே காரணமாக இருப்பதுண்டு.

நீல நிற ஆன்டெனா வயரைப் பலர் தேவையற்றது என்று சுருட்டி வைத்துவிடுகிறார்கள். கூரையில் சிறிய ஆன்டெனா உள்ள பல கார்களில் அதன் அடியில் வானொலி அலையை வலுப்படுத்தும் ஒரு சிறு பெருக்கி இருக்கிறது. அதற்கு மின்சாரம் தருவது இந்த வயர்தான். பண்பலை வானொலியின் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் பயணிப்பதால் ஒரு மலை முகடு குறுக்கிட்டாலே வலுவிழக்கும். இந்த வயரும் இல்லாமல் போனால், உதகை வானொலியைக்கூட ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டியதும் இரைச்சலுக்கு இடையில்தான் கேட்க முடியும்.

கைப்பிரேக் வயரைப் பற்றியும் ஒரு சொல். வண்டி ஓடும்போது திரையில் படம் ஓடக்கூடாது என்பதற்காகவே அது கைப்பிரேக்கின் சுவிட்சில் இணைக்கப்படுகிறது. அதை நேரே கிரவுண்டில் சேர்த்து ஏமாற்றித் தருவதாகக் கடையில் சொன்னால், வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள்.

பொத்தான்களைக் கற்பித்தல்

பேட்டரியை இணைத்து, பேனலை மூடாமலேயே யூனிட்டை இயக்குங்கள். அமைப்புகள் பகுதியில் ஸ்டீயரிங் என்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும். சில யூனிட்களில் முதலில் திரையில் செயலைத் தொட்டுவிட்டு ஸ்டீயரிங் பொத்தானை அழுத்த வேண்டும். சிலவற்றில் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திரையைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் கற்பித்த பின் சேமிக்கும் குறியைத் தொட மறக்காதீர்கள். ஒலியை முழுதாக அடக்கும் செயலுக்கு, பார்க்காமலேயே கட்டைவிரல் சென்று சேரும் பொத்தானை ஒதுக்குங்கள். பழைய ஒழுங்கை அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டு பொத்தான்களை யூனிட் ஒன்றாகவே எடுத்துக்கொண்டால், எழுதி வைத்த ஓம் அளவுகளைப் பாருங்கள். அளவுகள் தெளிவாக வேறுபட்டிருந்தால் குறை கிரவுண்ட் இணைப்பிலோ, சில யூனிட்களில் இருக்கும் மின்தடை வரம்புத் தேர்விலோதான் இருக்கும். கேன் பாக்ஸ் வைத்தவர்களுக்குக் கற்பிக்கும் வேலை பெரும்பாலும் இல்லை; அமைப்பில் கார் மாடலைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மூடுவதற்கு முன்

சாவியை எடுத்து, ஓட்டுநர் கதவையும் திறந்து மூடி யூனிட் அணைகிறதா, திரும்பப் போடும்போது கற்பித்த பொத்தான்கள் நினைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுதாகச் சுற்றியபடி பொத்தான்களை அழுத்துங்கள். ஒரு கோணத்தில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கிளாக் ஸ்பிரிங் தேய்ந்திருக்கலாம், அதை அனுபவமுள்ள பணிமனையில்தான் மாற்ற வேண்டும். பின்புற வயர்களைக் கட்டி, கியர் கம்பிக்கும் ஏசி மடல்களுக்கும் குறுக்கே வராமல் ஒதுக்கிய பின் பேனலை அழுத்தி மூடுங்கள். பேட்டரியைக் கழற்றியதால் சில கார்களில் தானியங்கிக் கண்ணாடி ஏற்றத்தை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். முறை கையேட்டில் உண்டு. பழைய ஸ்டீரியோவையும் அதன் சட்டத்தையும், ஓம் அளவுகள் எழுதிய தாளையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதோ வேறு யூனிட்டுக்கு மாறும்போதோ மூன்றும் தேவைப்படும்.