ஹீமோஃபிலியா: வெளிய ரத்தம் தெரியலன்னு விட்டுடாதீங்க

என் தம்பிக்கு ஹீமோஃபிலியா ஏ, அதாவது ரத்தம் சீக்கிரம் உறையாத நோய், அதுலயும் சிவியர் டைப். இப்ப அவனால இடது முட்டிய முழுசா நீட்ட முடியாது, அதுல பாதிக்கு மேல நாங்க வீட்ல பண்ண தப்புதான், அதனாலதான் இத எழுதுறேன்.

கீறல் பட்டாலே ரத்தம் குடம் குடமா கொட்டும்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்லீங்க. மத்தவங்களுக்கு வர்ற அதே வேகத்துலதான் வரும், நிக்கத்தான் லேட்டாகும், ஏன்னா ரத்தத்த உறைய வைக்கிற ஃபேக்டர் 8 கம்மி, பி டைப்னா ஃபேக்டர் 9. அது சாதாரணமா இருக்க வேண்டிய அளவுல 1 சதவீதத்துக்கும் கீழ இருந்தா சிவியர், 5 வரைக்கும் மாடரேட், அதுக்கு மேல 40 வரைக்கும் மைல்டு. சின்ன கீறல்னா நல்லா அழுத்திப் புடிச்சா பெரும்பாலும் நின்னுடும். பயப்பட வேண்டியது உள்ளுக்குள்ள கசியுறதுக்கு, முக்கியமா முட்டி, முழங்கை, கணுக்கால்.

கசிய ஆரம்பிக்கும்போது வீக்கமே இருக்காது. தம்பி "உள்ள குறுகுறுன்னு இருக்கு, லேசா சூடா இருக்கு"ம்பான், நாங்க தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லியேடா, ஸ்கூலுக்கு மட்டம் போடப் பாக்குறியான்னு அனுப்பி விட்ருவோம், சாயங்காலம் பாத்தா முட்டி பந்து மாதிரி உப்பியிருக்கும். அந்த குறுகுறுப்பு வந்த உடனேதான் ஃபேக்டர் ஊசி, அதாவது உடம்புல கம்மியா இருக்குற அந்த ஃபேக்டர, போட்டிருக்கணும். வீங்கினதுக்கப்பறம் போட்டா மருந்தும் அதிகமா தேவைப்படும், தேற நாளும் ஆகும். ஒரே மூட்டுல திரும்பத் திரும்ப கசிஞ்சா ரத்தத்துல இருக்குற இரும்பு அங்கயே தங்கி, உள்சவ்வு தடிச்சு, குருத்தெலும்பு அரிச்சுப் போயிடும்.

இதுல வேற வீங்கின முட்டிக்கு சூடா ஒத்தடம் குடுத்து நீவி விட்டோம் பாருங்க! ரெண்டுமே கசிவ கூட்டுற வேலை. ஐஸ துணில சுத்தி வச்சு, கால அசைக்காம தூக்கி வைக்கணும், ஆனா இதுவும் ஃபேக்டரோட கூட செய்யறது, அதுக்கு பதிலா இல்ல.

வலி தாங்கலன்னு ஆஸ்பிரின், ஐப்ரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் சும்மா எடுத்துப் போடாதீங்க, அது ரத்தம் நிக்க உதவுற பிளேட்லெட் அணுக்களோட வேலையையும் கெடுத்துடும், பாராசிட்டமால் பரவால்ல. சதைல ஊசி வேணாம். பல்லு புடுங்கணும்னா கூட ஹீமோஃபிலியா டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிட்டு போங்க.

தலைல அடி பட்டா வேற கணக்கு. பையன் நல்லாத்தான் விளையாடுறான், நாளைக்கு பாக்கலாம்னு இருக்கவே கூடாது. மொதல்ல ஃபேக்டர், அப்பறம்தான் ஸ்கேன், ரிப்போர்ட் வரட்டும்னு ஊசிய தள்ளிப் போடாதீங்க. அதே மாதிரி அடிவயித்துல வலி, கால நீட்ட முடியலன்னா இடுப்புக்குள்ள இருக்குற சோவாஸ் தசைல ரத்தம் கட்டியிருக்கலாம், பாக்க அப்படியே அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கும், அதனால எந்த டாக்டர பாத்தாலும் மொத வார்த்தையா ஹீமோஃபிலியான்னு சொல்லிடுங்க.

இது அம்மா வழியா வர்ற நோய்னு அம்மாவ குத்தம் சொல்றது ஒண்ணு நடக்கும். மூணுல ஒரு பங்கு பேருக்கு குடும்பத்துல யாருக்குமே இருந்திருக்காது, ஜீன்ல புதுசா வந்த மாற்றம். பொண்ணுங்களுக்கு வராதுங்கறதும் தப்பு, கேரியரா, அதாவது அந்த ஜீன் மாற்றத்த சுமக்குறவங்களா இருக்குறவங்களுக்கே ஃபேக்டர் கம்மியா இருக்கலாம், பீரியட்ஸ்ல ரொம்ப ரத்தம் போகும், அதனால அவங்களும் ஃபேக்டர் லெவல் டெஸ்ட் பண்ணிக்கணும்.

பயந்துட்டு புள்ளைய உக்கார வச்சே வளக்குறதும் நாங்க பண்ணதுதான். தசை வலுவா இருந்தாத்தான் மூட்டுக்கு காவல். பாக்ஸிங், ரக்பி வேணாம், நீச்சல் தாராளமா போகலாம்.

இப்ப தம்பி அவனே ஊசி போட்டுக்குறான். மொதல்ல ஃபேக்டர் மருந்து குப்பிய டானிக் மாதிரி குலுக்குவான், நுரைச்சுடும், இப்பல்லாம் உள்ளங்கைல வச்சு மெதுவா உருட்டுறான். தேதி, எந்த மூட்டு, எவ்ளோ யூனிட், எல்லாம் ஒரு நோட்டுல எழுதிடுவான். வழக்கமான டோஸுக்கு கசிவு அடங்கலன்னா இன்ஹிபிட்டர் வந்திருக்கலாம், அதாவது ஃபேக்டரயே உடம்பு எதிரியா பாத்து அழிக்குது, சிவியர் ஏ டைப்ல ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இது வரும். டாக்டர் அந்த நோட்டப் பாத்துதான் மொதல்ல சந்தேகப்பட்டு டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு, நல்லவேளையா இல்லன்னு வந்துச்சு.