நட்சத்திர மீன் வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாசியையும் மிச்சம் மீதியையும் தின்று அதுவே பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிடுவதில்தான் பெரும்பாலான நட்சத்திர மீன்கள் சாகின்றன. பட்டினியால் உடனே சாகாது என்பதுதான் சிக்கல். மாதக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு கை நுனி சுருளும், நடு உடல் குழி விழும். அந்த நிலையில் மீட்பது கடினம்.

எதைத் தின்னும் என்பது இனத்தைப் பொறுத்தது. சாக்லேட் சிப் இனமும், மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கும் சிவப்புக் குமிழ் இனமும் சதை தின்னிகள். தீனி கொடுத்து வளர்க்கத் தோதானவை. ஆனால் மென்பவளம், கடல் சாமந்தி, மட்டி எதையும் விட்டுவைக்காது என்பதால் பவளத் தொட்டிக்கு ஆகாது. மணலைச் சலித்துத் தின்னும் இனம் மணலில் உள்ள புழுக்களையும் குட்டிச் சிப்பிகளையும் நம்பி வாழ்வது. சின்னத் தொட்டியில் சில மாதங்களில் அவற்றைத் தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். நீல லிங்கியா என்ற இனம் பாறையில் படியும் மெல்லிய படலத்தைச் சுரண்டித் தின்னும், கொடுக்கும் தீனியைப் பெரும்பாலும் தொடாது. ஒரு வருடமாவது ஓடிய, 400 லிட்டருக்குக் குறையாத தொட்டி இல்லையென்றால் அதை வாங்காமல் இருப்பதே நல்லது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

சதை தின்னிகளுக்கு வாரம் இரண்டு மூன்று முறை, விரல் நகமளவு இறால், கணவாய் அல்லது மட்டிச் சதை போதும். உப்பு, மஞ்சள் எதுவும் படாத பச்சைச் சதையாக இருக்க வேண்டும். மேலிருந்து போட்டால் மீன்கள் கவ்விக்கொண்டு போய்விடும். இடுக்கியால் நட்சத்திர மீனின் கைக்கு அடியில் செருகி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தை மேலே கவிழ்த்து வையுங்கள். வயிற்றை வெளியே தள்ளித்தான் அது தின்னும்; என்ன செய்கிறது என்று பார்க்க அந்த நேரத்தில் தூக்கினால் வயிறு காயப்படும். சில மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த பெரிய எமன் உப்பளவு. மீனைப் போல உடலுக்குள் உப்பைச் சமன் செய்துகொள்ள இதற்கு வழியில்லை, வெளித் தண்ணீர் மாறினால் உடலும் கூடவே மாறும். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 என்ற அளவை ஒட்டியே வைத்திருங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் தினம் 3 லிட்டர் குறைந்து, ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் உப்பு 39-ஐத் தொடும். பிறகு பதறிப்போய் 21 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுவது அதைவிட மோசம். தினமும் குறைந்த அளவை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரால் நிரப்பக் கூடாது.

புதிதாக வாங்கி வந்ததைத் தொட்டிக்குப் பழக்குவதும் இதே கணக்குதான். பையோடு அரை மணி நேரம் மிதக்க விடுவது வெப்பத்தை மட்டுமே சரிசெய்யும். வாளிக்கு மாற்றி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை வினாடிக்கு இரண்டு சொட்டாகக் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு தண்ணீரும் ஒன்றாகக் காட்டிய பிறகே மாற்றலாம். மாற்றும்போதும் காற்றில் தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஏந்துங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது, குழாய்க் கால்கள் அறுந்துபோகும்.

மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்தை அதே தொட்டியில் ஊற்றினால் நட்சத்திர மீன் பிழைக்காது. பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிப் பின்னால் கசியவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். ஹீட்டருக்குக் கூண்டும் பவர்ஹெட் (தண்ணீரைச் சுழலவிடும் பம்பு) உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்சும் போட்டுவிடுங்கள்.

உடலில் வெள்ளைத் திட்டு, உதிரும் முள், கொழகொழப்பு தெரிந்தால் முதலில் உப்பளவையும் நைட்ரேட்டையும் பாருங்கள். சதை கரையத் தொடங்கிவிட்டால் காத்திருக்காமல் வெளியே எடுத்து, அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அழுகும் உடலிலிருந்து வரும் அம்மோனியா மற்ற உயிர்களையும் சாய்த்துவிடும்.