ரெண்டர் செய்த படங்களால் பிளாட்பார்ம் கேம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல் பாறை, பரிசல், கிருஷ்ணகிரி மாந்தோப்பு. தாவி ஓடும் கேமுக்கு நம் பக்கத்தைவிட நல்ல களம் ஏது? பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவங்களைச் செய்து, அவற்றை ரெண்டர் செய்து (அதாவது படமாக்கி), 1994-இல் வந்த 'டாங்கி காங் கன்ட்ரி' பாணியில் கேம் எடுக்க நினைக்கும் தர்மபுரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த கேமை சூப்பர் நிண்டெண்டோ என்ற கேம் கன்சோலே முப்பரிமாணத்தில் வரைந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. கேம் பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜில் அதற்கென்று தனி சிப் எதுவும் கிடையாது. ரேர் நிறுவனம் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் ரெண்டர் செய்த படங்களைச் சுருக்கித் தட்டையான ஸ்பிரைட்டுகளாக, அதாவது திரையில் நகரும் சிறு படங்களாக, ஆக்கியது. அசல் உழைப்பே அந்தச் சுருக்கலில்தான்.

அதில் அதிகம் பேர் சறுக்குவது நிறத்தில். அந்த கன்சோலில் ஒரு ஸ்பிரைட்டுக்கு 15 நிறங்கள்தான். திரையோ பெரும்பாலும் 256×224 பிக்சல். அசைவின் ஒவ்வொரு படத்தையும், அதாவது ஃபிரேமையும், தனித்தனியாக 15 நிறத்துக்குக் குறைத்தால், பரிசல்காரரின் தலைத்துண்டு ஒரு ஃபிரேமில் செம்மண் நிறமாகவும் அடுத்ததில் காவியாகவும் மினுங்கும். நடை, தாவல், விழுதல் எல்லா ஃபிரேம்களையும் ஒரே தாளில் அடுக்கி, அதிலிருந்து ஒரே பேலட் (நிறத் தொகுப்பு) எடுங்கள். இடைநிறம்போலக் காட்டக் கலந்து வைக்கும் டிதரிங் புள்ளிகளைப் பின்னணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசையும் உருவத்தில் அவை எறும்பு ஊர்வதுபோலத் தெரியும்.

ஓரங்களையும் கவனியுங்கள். வெள்ளைப் பின்னணியில் ரெண்டர் செய்த உருவத்தை இருண்ட குகைக்குள் வைத்தால் சுற்றிலும் வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டு வரும். பின்னணியை டிரான்ஸ்பரன்ட் ஆக்கி, ஓரங்களை மென்மையாக்கும் ஃபில்டர் அளவை 0.01 வரை குறைத்துவிட்டு ரெண்டர் செய்யுங்கள்.

விளக்கை இடப்பக்கம் வைக்காதீர்கள். இடம் மிச்சப்படுத்த ஒரே படத்தைத்தான் இரு பக்கமும் திருப்பிப் போடுவோம். ஆள் திரும்பியதும் சூரியனும் கூடவே திரும்பிவிடும். உச்சியிலிருந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஒளி விழட்டும். கேமரா ஆர்த்தோகிராஃபிக்காக (தூரம் கூடினாலும் அளவு குறையாத வகை) இருக்கட்டும், இல்லாவிட்டால் பாறைத் துண்டுகள் ஒன்றோடொன்று சேராது.

பாறையின் அழகில் மயங்கி, எங்கே கால் ஊன்றலாம் என்பதையே மறைத்துவிடுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தரும் தவறு. மேல்விளிம்பைத் தட்டையாக்கி, ஒரு படி வெளிச்சமாகக் காட்டுங்கள். பிறகு எல்லா உருவங்களையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் எது ஆள், எது பாறை என்று பளிச்சென்று தெரிய வேண்டும்.

தாவலுக்கு முன் பதுங்கும் அசைவு ரெண்டரில் அருமையாக இருக்கும், விளையாடும்போது கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். பட்டனை அழுத்திய கையோடு கால் தரையை விட்டிருக்க வேண்டும். அந்த அசைவை இறங்கும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.