இடுப்பு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

டாக்டர் எதிரில் உட்கார்ந்து "இடுப்பு வலிக்குது சார்" என்று சொன்னால் அவர் முதுகைத்தான் பார்ப்பார். அவர்மேல் தப்பில்லை. நம் பேச்சில் இடுப்பு வலி என்றால் பெல்ட் கட்டுகிற மட்டத்தில், பின்பக்கம், குனிந்து நிமிரும்போது பிடிக்கிற வலி. தொடை எலும்பு உடம்போடு வந்து சேர்கிற அந்தப் பெரிய மூட்டுக்கு வீட்டுப் பேச்சில் சரியான பெயரே இல்லை, பந்துக் கிண்ண மூட்டு என்று பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்ததோடு சரி.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் நான் எட்டு மாதம் தொலைத்தேன். வாரத்தில் நான்கு நாள் ஷட்டில், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்று இருந்தவன். முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள், டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது (நாற்பதை நெருங்குகிறவர்களில் பலருக்கும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்படி ஏதாவது வரும்), பெல்ட், ஒத்தடம், ட்ராக்ஷன் எல்லாம் ஆயிற்று. வலி இருந்ததோ முன்பக்கம், தொடை இடுக்கில். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

அதனால் முதல் வேலை, வார்த்தையை விட்டுவிட்டு விரலால் காட்டுங்கள். தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் மூட்டுக்குள் பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். பலர் கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்பக்கமும் வைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து "இங்கே உள்ளே" என்பார்கள், எலும்பு டாக்டர்களுக்கு அந்தப் பிடி ஒன்றே பெரிய துப்பு. வெளிப்பக்கம் துருத்தும் எலும்பின் மேல் வலித்து, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் மூட்டு இல்லை, பிட்டத்துச் சதையின் தசைநாண். உட்காரும் எலும்பில் வலித்தால் தொடையின் பின்சதை ஒட்டுகிற இடம். பின்னால் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் போல் இறங்கினால் முதுகை நினைக்கலாம்.

எப்போது வலிக்கிறது என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மூட்டுக்காரர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: சம்மணம் போட்டு எழுந்தால், இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால், தாழ்வான கார் சீட்டில் ஒரு மணி நேரம் போய் இறங்கினால், பைக்கில் காலைத் தூக்கிப் போட்டால், சாக்ஸ் மாட்டக் குனிந்தால், கோர்ட்டில் திடீரென்று திரும்பினால். சிலருக்கு உள்ளே டக்கென்று ஏதோ மாட்டி விடுபடும்.

தள்ளிப்போடக் கூடாத மூன்று

ஓடும் தூரத்தைச் சட்டென்று கூட்டியவருக்குத் தொடை இடுக்கில் வலி வந்து, அந்தக் காலில் பாரம் போட்டாலே கூடுகிறது, ஒற்றைக் காலில் குதிக்கவே முடியவில்லை என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். தொடை எலும்பின் கழுத்தில் (பந்துக்குக் கீழே குறுகும் இடம்) ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது மயிரிழை விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும், எம்ஆர்ஐயில்தான் பிடிபடும். கழுத்தின் மேல்பக்கத்து விரிசலாக இருந்து அதிலேயே ஓடினால் எலும்பு முழுதாக விலகிவிடும், பிறகு வாழ்க்கை வேறு.

இரண்டாவது, விழுந்தோ வண்டி மோதியோ மூட்டு நழுவினால் மணிக்கணக்குதான். ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ள வேண்டும் என்பார்கள், தாமதமானால் தொடை எலும்பின் தலையான பந்துக்குப் போகும் ரத்தம் நின்று எலும்பு சாகும். ஊர் வைத்தியரிடம் இழுத்துக் கட்டுகிற வேலை வேண்டாம்.

மூன்றாவது ஏவிஎன். பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு மெல்ல இறந்து நொறுங்குவது. வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து நிறைய எடுத்தவர்கள், அதிகம் குடிப்பவர்கள், பழைய அடி உள்ளவர்கள், இவர்களுக்கு முப்பதுகளிலேயே வரும். கோவிட் காலத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்ட பலர் அடுத்த ஓரிரு வருடத்தில் இப்படி வந்ததை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

உள்ளே என்ன கிழிகிறது

கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் மாதிரி ஒரு வளையம் உண்டு, லேப்ரம் என்று பெயர். குழாய்க்கு வாஷர் செய்கிற வேலைதான், உள்ளே இருக்கும் திரவத்தை வெளியே விடாமல் அடைப்பது. சும்மா அது கிழிவதில்லை. பந்துக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய குழிவு சிலருக்கு மேடாக இருக்கும், காலை மடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மேடு விளிம்பில் போய் இடிக்கும். இதைக் கேம் என்கிறார்கள். கிண்ணம் அளவுக்கு மீறி மூடியிருந்தால் பின்சர். இரண்டுக்கும் பொதுப்பெயர் எஃப்ஏஐ. எலும்பு வளர்கிற பதின்ம வயதில் கால்பந்து, ஐஸ் ஹாக்கி மாதிரி ஆட்டங்களைக் கடுமையாக ஆடியவர்களுக்குக் கேம் மேடு அதிகம்.

ஆனால் ஒன்று. வலியே இல்லாத ஆட்களைப் பிடித்து எம்ஆர்ஐ எடுத்தாலும் ஏராளமானவர்களுக்கு லேப்ரம் கிழிந்துதான் இருக்கிறது. ஆக ரிப்போர்ட்டில் கிழிசல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஆபரேஷன் தேதி கேட்காதீர்கள். உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போடுவது. ஊசி போட்ட சில மணி நேரம் வலி காணாமல் போனால் வலி மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. எனக்கு அன்று மாலை ஆறு மணி வரை வலி இல்லை, எட்டு மாதத்தில் முதல் முறையாக. ஊசி போட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள், எந்தெந்த அசைவில் வலிக்குமோ அதையெல்லாம் செய்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கத்திக்கு முன்னால் மூன்று மாதம்

பெரும்பாலானவர்களுக்கு முதலில் பிசியோதான், குறைந்தது 3 மாதம், ஒழுங்காக. தொடை இடுக்கை நீட்டி நீட்டி இழுக்கும் பயிற்சி இல்லை (எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், இடிக்கிற இடத்திலேயே இன்னும் இடிக்கும்). பிட்டம், வயிறு, பக்கவாட்டுச் சதைகளுக்குப் பலம், கூடவே ஆழமாக மடக்குவதைக் குறைப்பது. நாற்காலியில் முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி உட்காருங்கள், முழு ஸ்குவாட்டைப் பாதியில் நிறுத்துங்கள்.

பிரிட்டனில் எஃப்ஏஐ உள்ள 348 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஆர்த்ரோஸ்கோபி என்கிற துளை ஆபரேஷனும் மறு பாதிக்குப் பிசியோவும் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2018ல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் முன்னேறியிருந்தார்கள், மூட்டோடு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டுப் போடும் மதிப்பெண்ணில் ஆபரேஷன் பக்கம் 100க்கு 6.8 புள்ளி கூடுதலாக. வித்தியாசம் உண்மைதான், ஆனால் அதற்காகப் பிசியோவைத் தாண்டிக் குதிக்கிற அளவு பெரிதில்லை என்பது என் கருத்து. நான் மூன்று மாதம் செய்தும் மாடிப்படி ஏறினால் மாட்டுவது நிற்கவில்லை, அதன் பிறகே ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன்.

ஆர்த்ரோஸ்கோபி என்றால் ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு மூன்று துளை, ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. கால் இழுவை மேசையில் பூட்ஸ் போட்டுக் கட்டி, மூட்டைச் சில மில்லிமீட்டர் விலக்கித்தான் உள்ளே போக முடியும். கிழிந்த வளையத்தைச் எலும்பில் ஆணி மாதிரி சின்ன ஆங்கர் அடித்துத் தைப்பார்கள், மேட்டைச் சீவுவார்கள். அந்த இழுவையால் சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கமோ, மறைவான இடத்திலோ சில நாள், சில வாரம் மரத்துப்போகும், பெரும்பாலும் திரும்பிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், விழித்ததும் நான் பயந்துபோனேன். ஆபரேஷனுக்கு முன்பு கேட்க வேண்டிய ஒரு கேள்வி: எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி எவ்வளவு? 2 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தால் தேய்மானம் முந்திவிட்டது என்று அர்த்தம், தையல் போட்டுப் பயன் குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆபரேஷனைவிட இதுதான் பெரிய வேலை, இதற்குத்தான் யாரும் தயாராவதில்லை. போவதற்கு முன்பே பாத்ரூமில் ஒரு உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத மேட், வெஸ்டர்ன் கமோடு (இல்லையென்றால் மருந்துக்கடையில் கமோடு நாற்காலி) ஏற்பாடு செய்துவிடுங்கள். ஊன்றுகோலை முன்பே வாங்கி இரண்டு நாள் நடந்து பழகுங்கள், அக்குளில் சாய்ந்து தொங்கக் கூடாது, பாரம் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் காலும் முதலில். உடுப்பு மாட்டும்போது ஆபரேஷன் காலை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில். முதல் மாதம் லுங்கிதான் ராஜா.

ஊன்றுகோல் 2 முதல் 6 வாரம், உள்ளே என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து, குருத்தெலும்புக்குத் துளையிட்டிருந்தால் இன்னும் கூட. பாதத்தைத் தரையில் முழுதாக வைக்கலாம், ஆனால் ஏறக்குறைய 10 கிலோவுக்கு மேல் அழுத்தக் கூடாது என்றார்கள். பத்து கிலோ என்றால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எடை பார்க்கும் மெஷினில் அந்தக் காலை வைத்து அழுத்திப் பார்த்துப் பழகினேன், என் பிசியோ தம்பி சொன்ன வழி. ஓரிரு நாளிலேயே நிற்கும் சைக்கிளில் சீட்டை உயர்த்தி, பாரமே இல்லாமல் மிதிக்கச் சொல்வார்கள், உள்ளே ஒட்டிப்போகாமல் இருக்க. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பதும் நல்லது. மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி தூக்கும் பயிற்சி மட்டும் வேண்டவே வேண்டாம், முன்பக்கத் தசைநாண் வீங்கி, வலி இரண்டு மாதத்துக்கு விடாது. அதைச் செய்துவிட்டு வந்து புலம்பியவர்கள் எத்தனை பேர்!

கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். காய்ச்சல், துளையிலிருந்து நீர் கசிவது இரண்டும் அப்படியே.

விந்தி விந்தி நடக்கும்வரை ஊன்றுகோலை விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் "இன்னுமா கட்டையைப் பிடிச்சுக்கிட்டு இருக்க?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். நொண்டிப் பழகிய நடையை மாற்ற மூட்டைச் சரிசெய்ததைவிட அதிக நாள் ஆகும்.

திரும்ப ஓடுவது

காலண்டரைப் பார்த்து ஓடாதீர்கள், காலைப் பாருங்கள். நொண்டாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், ஒற்றைக் காலில் நின்று பாதி உட்கார்ந்தால் முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது, மறுபக்க இடுப்பு இறங்கக் கூடாது. இதெல்லாம் கைகூடப் பொதுவாக 3 முதல் 4 மாதம். அப்புறம் 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை, அதை ஐந்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை எழும்போது அடங்கியிருந்தால் அடுத்த படி. இல்லையென்றால் பழைய படியிலேயே இன்னும் ஒரு வாரம். கோர்ட் ஆட்டத்துக்கு இன்னும் பொறுக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். 6 மாதம் சாதாரணம், 9 மாதமும் நடக்கும். நான் ஐந்தாம் மாதமே ஷட்டில் ராக்கெட்டைத் தூக்கி மூன்று வாரம் பின்னால் போனேன்.

மூட்டையே மாற்ற வேண்டி வந்தால்

தேய்மானமோ ஏவிஎன்னோ முற்றிவிட்டால் தையல் வேலை இல்லை, மாற்றுதான். இங்கே டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேயின் கதை தெரிந்திருப்பது நல்லது. 2018 ஜனவரியில் மெல்போர்னில் இடுப்பு மூட்டில் ஆபரேஷன் செய்தும் வலி தீரவில்லை. 2019 ஜனவரியில் ஆட்டத்தையே விடப்போகிறேன் என்று கண்கலங்கினார், அந்த மாதக் கடைசியிலேயே லண்டனில் ரீசர்ஃபேசிங் செய்துகொண்டார். பந்தை வெட்டி எறியாமல் அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டும் முறை அது. அவருக்கு முன்பே இரட்டையர் வீரர் பாப் பிரையன் அதைச் செய்துகொண்டு ஐந்தே மாதத்தில் களத்துக்குத் திரும்பியிருந்தார். மர்ரே ஜூனில் லண்டன் குயின்ஸ் போட்டியில் இரட்டையர் பட்டம், அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் என்று எடுத்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை ஆடினார்.

ஆனால் இதைக் காட்டி எல்லோரும் தொப்பி கேட்க முடியாது. எலும்பு கெட்டியாக, பெரியதாக இருக்கும் இளவயது ஆண்களுக்கே அது அதிகம் பொருந்துகிறது. உலோகத்தோடு உலோகம் உரசுவதால் நுண்துகள் ரத்தத்தில் கலக்கும் பிரச்சினை உண்டு, 2010ல் அப்படி ஒரு மாடலை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். முழு மாற்று, ஜான் சார்ன்லி 1962ல் இங்கிலாந்தில் நிலைநிறுத்திய முறையின் வழிவந்தது, இன்று நன்றாகவே உழைக்கிறது. 25 வருடம் தாண்டியும் ஏறக்குறைய 58 சதவீத மூட்டுகள் அப்படியே இருக்கின்றன என்று 2019ல் ஒரு பெரிய தொகுப்புக் கணக்கு வந்தது. நீச்சல், சைக்கிள், மலைநடை, இரட்டையர் ஷட்டில் எல்லாம் பலர் செய்கிறார்கள். நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் டாக்டருக்கு டாக்டர் பதில் மாறும், அதனால் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: முன்பக்கமாகவா பின்பக்கமாகவா திறக்கப்போகிறீர்கள், பந்து பீங்கானா உலோகமா, தரையில் சம்மணம் போடலாமா, எத்தனை மாதத்தில் பைக் ஓட்டலாம். பின்பக்கம் திறந்தால் முதல் சில வாரம் தாழ்வாக உட்காருவதும் கால்மேல் கால் போடுவதும் கூடாது, மூட்டு நழுவும். ஊரில் கல்யாணம், பந்திப்பாய் சாப்பாடு ஏதாவது வருகிறதென்றால் டேபிள் போட்ட வரிசையில் இப்போதே ஒரு இடம் சொல்லிவையுங்கள்.