பழைய மர்மப் படங்களில் பெண்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்காரர்கள் பழைய சினிமா பேச உட்கார்ந்தால், பேச்சு ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவுக்கு வராமல் போகாது. பெருமை நியாயம்தான். ஆனால் அதே மூச்சில், "அந்தக் காலத்து மர்மப் படத்தில் பெண்ணுக்கு என்ன வேலை? ரெண்டு பாட்டு, ஒரு அலறல்" என்றும் சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு அது.

மர்மப் படம் என்ற கணக்கில் வராவிட்டாலும், 1950-இல் அந்த ஸ்டுடியோ எடுத்த ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் தன்னைக் கொல்லத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று தெரிந்ததும், கடைசியாக அவனை வலம் வர வேண்டும் என்று கேட்கிறாள் அமுதவல்லி. சுற்றி வரும்போது அவனைத் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசியிலிருந்து வந்த கதை. பதிபக்திச் சடங்குதான் அவளுக்கு அங்கே ஆயுதம்.

இதற்கு நேர் எதிரான தவறு, அவசரப்பட்டுப் புரட்சி என்று முத்திரை குத்துவது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாத படம். ஜப்பானியருக்குத் துணைபோகும் ரேடியோ என்ஜினியர் ராஜனைச் சுட்டது மனைவி உஷாதான். சரி, துணிச்சல்தான். ஆனால் கணவன் தேசத்துரோகி என்பதால்தான் படம் அவள் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறது. வெறுமனே வீட்டில் அடிப்பவனாக இருந்திருந்தால் கொடுத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பலரும் வழுக்கி விழும் இடம் ‘புதிய பறவை’ (1964), அதிலும் கதாநாயகன் கோபாலின் மனைவி சித்ரா. "சித்ரா குடிப்பாள், ஊர் சுற்றுவாள், அடங்காத பெண்ணுக்குப் படம் தண்டனை கொடுக்கிறது" என்று கல்லூரிக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அந்தச் சித்ராவைப் பற்றி நமக்குச் சொல்வது யார்? அவளை அறைந்து, அதில் அவள் இறந்ததும், உடலைத் தண்டவாளத்தில் போட்ட கோபால். அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று அவன் முதலில் சொன்னதே பொய். சாவைப் பற்றிப் பொய் சொன்னவன், குணத்தைப் பற்றி மட்டும் உண்மை சொல்லியிருப்பான் என்று ஏன் நம்ப வேண்டும்? படம் அவன் பக்கம் சாய்வது உண்மை. கோபாலாக வரும் சிவாஜி அழுதால் தியேட்டரே அழும். நாமும் கூடச் சாய வேண்டும் என்பதில்லை.

இந்தக் கதையின் மூலம் 1958-இல் வந்த ஆங்கிலப் படம். அதில் குற்றத்தை மறைப்பவள் ஒரு பெண், இறந்ததாகச் சொல்லப்படும் சகோதரன் திரும்பி வருகிறான். வங்காளம் வழியாகத் தமிழுக்கு வருவதற்குள் அவள் ஆணாகிவிட்டாள், திரும்பி வரும் சகோதரன் திரும்பி வரும் மனைவியாகிவிட்டான். இதைக் கவனிக்காமல் இந்தப் படத்தில் ஆண் பெண் நிலையைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

ஆண்களை மறந்துவிடுவதும் உண்டு. ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) மாதிரி மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் ஜெய்சங்கருக்குப் பதற்றமே வராது. கோபாலோ நடுங்கிக்கொண்டே இருக்கிறான். ஆண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு படங்களும் இரண்டு பதில் தருகின்றன.

அப்புறம், கடைசி வசனத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ‘புதிய பறவை’யில் கோபாலின் காதலியாக வரும் லதா, தன்னைப் போலீஸ் என்று காட்டிக்கொண்ட பிறகு, காதலும் நிஜம்தான் என்கிறாள். "எல்லாம் வீண், கடைசியில் காதலிதானே" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அதைச் சொன்ன பிறகும் அவள் கைதை நிறுத்தவில்லை.