'டவுட்' என்ற சொல்லில் விடக்கூடாத பிழைகள்

போன கிழமை ஒரு பிள்ளை ஆங்கிலக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். மாரி மழை, தேங்கிய தண்ணீர், நுளம்பு, தம்பிக்குக் காய்ச்சல் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி: 'த டொக்டர் டவுட்ஸ் தட் இட் இஸ் டெங்கு.' டெங்கு என்று டொக்டர் சந்தேகப்படுகிறார் என்பதைத்தான் அவள் எழுத நினைத்தாள். எழுதியதோ, டெங்குவாக இருக்காது என்று டொக்டர் நினைக்கிறார் என்பது. சிவப்புப் பேனையோடு கை அப்படியே நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை.

எழுத்துக்கூட்டல், வாயில் வரக்கூடாத 'பி' ஒலி இதெல்லாம் அகராதியைப் புரட்டினால் திருந்திவிடும். அவற்றை விடுகிறேன்.

கேள்விக்கெல்லாம் டவுட் என்பது

'சேர், ஒரு டவுட்' என்று கை தூக்காத பிள்ளை எந்த ரியூட்டரியிலும் இல்லை. வகுப்புக்குள் சரி, இலங்கையிலும் இந்தியாவிலும் எல்லோருக்கும் விளங்கும். லண்டனில் இருக்கும் கல்லூரிக்கு 'ஐ ஹாவ் டவுட்ஸ் அபவுட் யுவர் கோர்ஸ்' என்று எழுதினால், உங்கள் கோர்ஸில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் வாசிப்பார்கள். கேட்க ஏதும் இருந்தால் 'குவெஸ்சன்' என்றே எழுதுங்கள்.

சந்தேகம் எல்லாம் டவுட் இல்லை

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

அப்போது யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்தார். கனடாவில் இருக்கும் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழைக் கூரியரில் அனுப்பியிருந்தார், போய்ச் சேரவில்லை. "கொழும்பிலதான் எங்கயோ கிடக்குதெண்டு எனக்குச் சந்தேகம் தம்பி. அதை இங்கிலீசில எழுதித் தாங்கோ" என்றார். 'வி டவுட் தட் இட் இஸ் இன் கொழும்பு' என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல இங்கிலீஷ் எழுதிவிட்டதாகவே நினைத்தேன்.

கடிதத்தை வாசித்தவர்கள், கொழும்பில் இருக்காது என்று அனுப்பியவர்களே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, கனடாப் பக்கத்தில் மூன்று கிழமை தேடினார்கள். கவர் கொழும்பில்தான் கிடந்தது. மகன் பத்திரம் கொடுக்க வேண்டிய திகதி தாண்டிவிட்டது. அம்மா என்னை ஏசவில்லை. "நான் சரியாத்தானே சொன்னனான்?" என்று மட்டும் கேட்டார். அவர் சரியாகத்தான் சொன்னார்.

சிக்கல் எங்கே என்றால், தமிழில் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் சாயும். 'அவர் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டார் என்று படுகிறது. 'அவர்தான் எடுத்தார் என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பார் என்று படுகிறது. ஆங்கிலம் இந்த இரண்டையும் இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறது. இல்லை என்ற பக்கம் சாய்ந்தால் 'டவுட்'. ஆம் என்ற பக்கம் சாய்ந்தால் 'சஸ்பெக்ட்'. ஆஸ்பத்திரியில் 'சஸ்பெக்டட் டெங்கு' என்று எழுதுவது இதனால்தான்.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி: முதலில் தமிழ் வசனத்தைப் பாருங்கள். சந்தேகத்துக்கு முன்னால் 'வருவது', 'கிடைப்பது' என்று நின்றால் டவுட். 'எடுத்தார் என்று', 'டெங்கு என்று' என நின்றால் சஸ்பெக்ட். 'வருவாரா என்று' எனக் கேள்வியாக நின்றால் மறுபடியும் டவுட்தான். அதிலும் மனம் தடுமாறினால் சந்தேகத்தையே எடுத்துவிட்டு, 'இருக்கும் என்று நினைக்கிறேன்', 'இருக்காது என்று நினைக்கிறேன்' இரண்டில் எது பொருந்துகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்கொட்லாந்துப் பேச்சில் மட்டும் இது தலைகீழ். அங்கே 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றால் மழை வரும்போல இருக்கிறது என்று அர்த்தம். டவுட் என்ற சொல்லுக்குப் பயம், ஐயுறவு என்ற பழைய பொருள்களும் உண்டு; அது அங்கே தங்கிவிட்டது. பரீட்சைக்கு அது உதவாது.

பின்னால் வருவது 'தட்'டா, 'வெதர்'ரா?

'ஐ டவுட்' என்றால் தட், வெதர், இஃப் மூன்றும் வரலாம். 'ஐ டோன்ட் டவுட்' என்றால் தட் மட்டும் போடுங்கள்.

'நோ டவுட்' என்றால் நிச்சயம் என்று நினைப்பது

'ஹீ வில் நோ டவுட் கம்' என்பது 'வருவார் என்றுதான் நினைக்கிறேன்' என்ற அளவுக்குத்தான் வரும். அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் 'விதவுட் டவுட்'. அலுவலகக் கடிதத்தில் இதை மாற்றிப் போடும் பெரியவர்களையும் பார்க்கிறேன்.

'ஐ ஆம் டவுட்'

'டவுட்ஃபுல்.'

'ஐ ஆம் டவுட்டிங்'

வேண்டாம். 'ஐ டவுட்' போதும்.