அமாவாசைத் தர்ப்பணம்: நாளும் நேரமும் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

ஆடி அமாவாசை அன்று விடியற்காலை நாலரை மணிக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் வைத்து வந்து, இருட்டிலேயே முழுக்குப் போட்டு, இருட்டிலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, சூரியன் எழும்பும்போது டீக்கடையில் நிற்பார்கள். அவர்கள் பக்தியில் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பித்ருக்களுக்கு, அதாவது மறைந்த முன்னோர்களுக்கு, உரிய நேரம் அது கிடையாது, சில மாதங்களில் அந்த நேரத்துக்கு அமாவாசையே பிறந்திருக்காது.

அமாவாசை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவு முடிகிற விஷயம் இல்லையே. வானத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோண தூரத்தில் 12 பாகைக்கு (டிகிரிக்கு) ஒரு திதி. கடைசி 12 பாகை அமாவாசை, இரண்டும் ஒன்று சேரும் நொடியில் அது முடிந்து அடுத்த திதியான பிரதமை பிறந்துவிடும். சந்திரன் ஓடும் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கும் நீளலாம். எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கும், பெரும்பாலும் இரண்டு கிழமைகளைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. தினசரி காலண்டரில் 'அமாவாசை காலை 9.40 வரை, பிறகு பிரதமை' என்று இருந்தால் உடனே இன்றைக்குத்தான் அமாவாசை என்று முடிவு செய்துவிடுகிறோம். அதில் முதலில் போட்டிருப்பது சூரிய உதயத்தின்போது இருக்கும் திதி. தர்ப்பணத்துக்கு உதயத்தைப் பார்ப்பதில்லை, அபராஹ்ணம் என்கிற பிற்பகல் பங்கைப் பார்க்க வேண்டும். பகலை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஆறு நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்தால் பிராதக்காலம், சங்கவம், மத்தியானம் மூன்றும் போய், பகல் 1.12 முதல் 3.36 வரை அபராஹ்ணம். அந்த நேரத்தில் அமாவாசை எந்த நாளில் இருக்கிறதோ அந்த நாள்தான் தர்ப்பணத்துக்கு உரியது. முதல் நாள் பகல் 12 மணிக்குப் பிறந்து மறுநாள் காலை 9.40-க்கு முடிந்தால் முதல் நாள். முதல் நாள் மாலை 4 மணிக்குப் பிறந்து மறுநாள் பிற்பகல் 3 மணி வரை இருந்தால் மறுநாள். இரண்டு நாளும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டால் அதிகம் இருக்கிற நாளை எடுப்பார்கள். இரண்டு நாளுமே தொடவில்லை, அல்லது சரிசமமாக இருக்கிறது என்றால் நாமாக முடிவு பண்ணாமல் வீட்டு வாத்தியாரை (புரோகிதரை) கேட்பதுதான் சரி.

ஏன் பிற்பகல்? முற்பகல் தேவர்களுக்கு, பிற்பகல் பித்ருக்களுக்கு என்பது தர்ம சாஸ்திரம் சொல்லும் பங்கீடு. இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பித்ருக்கள் சந்திரனின் மேல்பக்கத்தில் இருப்பதாகவும், நமக்கு ஒரு மாதம் அவர்களுக்கு ஒரு நாள் என்றும் பழைய சோதிட நூல்கள் சொல்கின்றன. பூமியிலிருந்து நாம் பார்க்க முடியாத அந்தப் பக்கத்தில் அமாவாசை அன்றுதான் சூரியன் உச்சியில் நிற்பான், ஆகவே அவர்களுக்கு அது நடுப்பகல், சாப்பாட்டு வேளை. மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த வேளைக்கு நாம் பொழுது விடிவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டுக் கிளம்புவது எப்படிச் சரியாகும், சொல்லுங்கள்.

சரி, நெய்வேலியில் முதல் ஷிப்டு, சிப்காட்டில் வேலை, மத்தியானம் வரை காத்திருக்க முடியாது என்றால்? முடிந்தவர்கள் 11.36 முதல் 12.24 வரையிலான குதப காலத்திலாவது தொடங்கட்டும், பகலின் 15 முகூர்த்தங்களில் எட்டாவது அது. அதுவும் முடியாவிட்டால் சூரியன் நன்றாக மேலே வந்த பிறகாவது செய்யுங்கள். இருட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமாவாசையை ஒட்டிக் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும், கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள்.

பஞ்சாங்கம் விஷயத்துக்கு வருவோம். பாம்பு பஞ்சாங்கம் வாக்கியக் கணக்கு, அதாவது பழைய வாய்பாடுகளை வைத்துப் போடுவது; செல்போன் ஆப்களில் வருவது பெரும்பாலும் திருக்கணிதம், அதாவது இன்றைய வானியல் கணக்கை வைத்துப் போடுவது. இரண்டுக்கும் சில நாழிகையிலிருந்து சில மணி நேரம் வரை வித்தியாசம் வரும். எதை எடுத்தாலும் தப்பில்லை, உங்கள் வீட்டில் காலங்காலமாக எது வழக்கமோ அதுவே இருக்கட்டும். பிறக்கும் நேரத்தை ஒன்றிலும் முடியும் நேரத்தை இன்னொன்றிலும் பார்த்துக் கலந்தால்தான் குழப்பம். அப்புறம், 'போதாயன அமாவாசை' என்று ஒரு நாள் முன்னதாகப் போட்டிருப்பது போதாயனர் எழுதிய சடங்கு நூலைப் பின்பற்றும் குடும்பங்களான போதாயன சூத்திரக்காரர்களுக்கு மட்டும்.

மேல்மலையனூர் ஊஞ்சலை வைத்துத் தர்ப்பண நாளை முடிவு செய்கிறவர்களும் நம் பக்கம் நிறைய. அங்காளம்மன் ஊஞ்சல் இரவில் நடக்கும் உற்சவம், அதற்கு இரவில் அமாவாசை இருக்க வேண்டும். மேலே சொன்ன மாலை 4 மணிக் கணக்கில் ஊஞ்சல் முதல் நாள் இரவு வரும், தர்ப்பணம் மறுநாள் பகலில் வரும். பஸ் ஏறி அம்மனைப் பார்த்துவிட்டு வந்து, தூங்கி எழுந்து, மறுநாள் தர்ப்பணத்தைத் தாராளமாகச் செய்யலாம்.

கையிலும் கவனம் வேண்டும். திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையில் பத்து இருபது பேரை வரிசையாக உட்கார வைத்து வேகமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது, பாதிப் பேர் தண்ணீரை விரல் நுனி வழியாக விட்டுவிடுகிறார்கள். அது தேவர்களுக்கு விடும் வழி. பித்ருக்களுக்குத் தெற்கு பார்த்து உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எள்ளோடு சாய வேண்டும். ஈரக் கையில் எள் ஒட்டிக்கொண்டு விழாது, அதற்காகக் கையை உதறாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மூன்று தலைமுறைப் பெயர்களையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அங்கே போய்ப் பாட்டனார் பெயருக்கு முழிக்கக் கூடாது. கட்டியிருந்த துணியை ஆற்றில் விடுவதை எந்தச் சாஸ்திரமும் கேட்கவில்லை. அப்பா உயிரோடு இருப்பவர்கள் ஊரோடு சேர்ந்து உட்கார வேண்டாம். வீட்டில் தர்ப்பணம், படையல், காக்கைக்குச் சோறு எல்லாம் முடிந்த பிறகுதான் கோலம்.

கடைசியாக, புதுச்சேரிக்காரர்களுக்கு. பிள்ளை பாரிஸில் இருப்பான், அம்மா போன் போட்டு "நாளைக்கு அமாவாசை, மறக்காமல் பண்ணிடுப்பா" என்பார். சூரியனும் சந்திரனும் சேர்வது உலகம் முழுக்க ஒரே நொடிதான், ஆனால் அங்கே கடிகாரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. இங்கே முதல் நாள் மாலை 4 மணிக்குப் பிறக்கும் ஆடி அமாவாசை அங்கே அதே நாள் பகல் 12.30-க்குப் பிறந்து மறுநாள் 11.30-க்கு முடிந்துவிடும். அந்த மாதத்தில் அங்கே பகல் பதினாலு மணி நேரத்துக்கு மேல், அபராஹ்ணம் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வரும். கணக்குப் பாருங்கள், அவனுக்கு முதல் நாளே தர்ப்பணம், நமக்கு மறுநாள். அவனுக்குப் பாரிஸ் உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் சொல்லுங்கள்.